எல்லை முதலில் வந்ததா, மதில் முதலில் வந்ததா?

சீனப் பெருஞ்சுவரைக் கட்டியவர் யார்? பள்ளிக்கூடத்தில் இது ஒரு மார்க் கேள்வி. 'ஷி ஹுவாங்டி' என்று எழுதினால் டிக் விழும். 'நிலாவிலிருந்து பார்த்தாலும் தெரியும் ஒரே கட்டடம்' என்று சேர்த்து எழுதினால் பக்கத்தில் ஒரு 'குட்' விழவும் வாய்ப்பு உண்டு.

இந்த இரண்டில் நிலா விஷயம் சுத்தப் பொய். 2003-ல் விண்வெளிக்குப் போன முதல் சீனர் யாங் லிவெய். அவர் திரும்பி வந்ததும் எல்லாரும் கேட்ட கேள்வி, சுவர் தெரிந்ததா என்பதுதான். தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். பாவம், ஒரு நாட்டுக்கே கொஞ்சம் வருத்தம்.

ஷி ஹுவாங்டி விஷயம் பாதி உண்மை. அவர் சீனாவை ஒரே நாடாக்கியது கி.மு. 221-ல். அதற்கு முன்பே அங்கே சுவர்கள் இருந்தன. ச்சி, ச்சூ, வெய், ஜாவ், யான் என்று ஆளுக்கொரு நாடு, ஆளுக்கொரு சுவர். குதிரையில் வரும் நாடோடிகளைத் தடுக்க மட்டும் இல்லை. பக்கத்து சீன நாட்டுக்காரனைத் தடுக்கவும்தான். அதாவது பங்காளிச் சண்டைச் சுவர்கள். ஷி ஹுவாங்டி என்ன செய்தார் என்றால், நாடுகளுக்கு நடுவே இருந்தவற்றை இடிக்கச் சொன்னார். வடக்கு எல்லையில் இருந்தவற்றை மெங் தியான் என்ற தளபதியை விட்டு ஒன்றோடு ஒன்று சேர்க்கச் சொன்னார். அதுவும் பெரும்பாலும் மண்சுவர். இரண்டு பக்கமும் பலகை அடைத்து, நடுவில் மண்ணைக் கொட்டி, இடித்து இடித்து இறுக்கிக் கட்டியது. அதில் பெரும்பகுதி மழையிலும் காற்றிலும் கரைந்து போய்விட்டது.

இன்று சுற்றுலாப் போகிறவர்கள் மேலே நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் செங்கல் சுவர், அவருக்கு ஆயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கும் மேல் பிந்தியது. 1368 முதல் 1644 வரை ஆண்ட மிங் அரசர்கள் கட்டியது. அந்தக் காலத்துச் சாந்தில் பசையரிசிக் கஞ்சி கலந்திருக்கிறார்கள். நம்மூரில் சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் சேர்த்த மாதிரிதான். 2012-ல் சீன அரசு எல்லாக் காலத்துச் சுவர்களையும் அளந்து கூட்டி 21,196 கிலோமீட்டர் என்று அறிவித்தது. அந்தக் கணக்கில் அகழிகளும் உண்டு, மலை, ஆறு போன்ற இயற்கைத் தடைகளும் உண்டு.

ஆக, ஒரு சுவரும் இல்லை, ஒரு ஆளும் கட்டவில்லை. சரி, அப்படியானால் அது எப்படித்தான் ஆரம்பித்தது? ஒரு மதில் ஒரு இடத்தில் ஏன் எழுகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட நான் பீஜிங் போக முடியாது. பஸ் பாஸ் செல்லுபடியாவது கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும்தான் :) ஆனால் இந்த ரூட்டிலேயே பதில் கிடைக்கிறது.

கடலூரில் குண்டு சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. பக்கத்தில் குண்டு உப்பலவாடி என்று ஒரு ஊர். வெளியூர் நண்பர்கள் இந்தப் பெயரைக் கேட்டால் சிரிக்கிறார்கள். சாலையில் குண்டும் குழியுமாக இருப்பதால் அந்தப் பெயர் என்று ஒருத்தன் சொன்னான். (மழைக்காலத்தில் அவன் சொல்வதும் தப்பில்லை.) உண்மையில் இந்தக் குண்டு, பீரங்கிக் குண்டு.

கதை 1690-ல் நடக்கிறது. செஞ்சிக் கோட்டையில் அப்போது சிவாஜியின் மகன் ராஜாராம் இருக்கிறார். ஔரங்கசீப்பின் படை துரத்த, மராட்டியத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்து செஞ்சியில் தங்கியிருந்தார். மொகலாயர்கள் விடவில்லை. 1690-ல் செஞ்சியைச் சுற்றி முற்றுகை தொடங்கி, 1698-ல்தான் முடிகிறது. முற்றுகையில் இருப்பவனுக்கு முதலில் வேண்டியது என்ன? காசு. சிப்பாய்க்குச் சம்பளம், குதிரைக்குத் தீனி எல்லாமே ரொக்கம்.

கெடிலம் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், தேவனாம்பட்டினத்தில், ஒரு சின்னக் கோட்டை இருந்தது. அதை முதலில் கட்டியது ராஜா இல்லை, இந்து வியாபாரி ஒருவர். பிறகு மராட்டியர் கைக்கு வந்தது. அதை விற்க ராஜாராம் தயார். வாங்க ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி தயார். அவர்களுக்கு இந்தக் கரையில் வேண்டியது துணி வியாபாரத்துக்கு ஒரு பத்திரமான இடம். மெட்ராஸில் அப்போது கம்பெனித் தலைவர் எலிஹு யேல். ஆமாம், அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு 1718-ல் நன்கொடை கொடுத்துப் பெயரைப் பெற்றாரே, அதே ஆள்தான். நம்ம தேவனாம்பட்டினம் கோட்டைக்கு அவர்கள் வைத்த பெயர் செயின்ட் டேவிட் கோட்டை.

பி.காம். மாணவனாக எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. கோட்டை விற்பனை சரி. சுற்றியுள்ள நிலம் எவ்வளவு? இன்றைக்கு என்றால் சர்வேயர் வந்து, செயின் பிடித்து, சர்வே நம்பர் போட்டு, நான்கு எல்லையையும் பத்திரத்தில் எழுதுவார். அன்று ஒப்பந்தத்தில் போட்டுக்கொண்ட அளவு என்ன தெரியுமா? கோட்டையிலிருந்து ஒரு பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அவ்வளவும் வாங்கியவனுக்கு. ஒப்பந்தத்தில் இதற்குச் சொன்ன வார்த்தை 'ரேண்டம் ஷாட்'. குருட்டாம்போக்கில் சுடுவது என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்துப் பீரங்கிக்காரர் பேச்சில், வாயை நன்றாக உயர்த்தி, முடிந்த அளவு தூரம் போகும்படி சுடுவதற்கு அப்படிப் பெயர்.

வாங்குகிறவன் சும்மா இருப்பானா? மெட்ராஸிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து, நல்ல பீரங்கிக்காரனாகப் பார்த்து அனுப்பினார்கள். அதிக தூரம் போகிற மாதிரி மருந்து கெட்டித்துச் சுடுவது அவன் கைத்திறமையில் இருக்கிறது என்று எழுதியும் அனுப்பினார்கள். எடை போடுகிறவன் தராசில் விரல் வைப்பது போலத்தான். ஆனால் ஒப்பந்தத்திலேயே அதற்கு இடம் இருந்ததால் அது மோசடி இல்லை. 'நல்ல பேரம்' :)

1690 செப்டம்பர் 23-ஆம் தேதி பீரங்கி பல திசைகளிலும் சுடப்பட்டது. அந்த வட்டத்துக்குள் கடலூர் ஊரே வந்தது. சுற்றியிருந்த கிராமங்களும் வந்தன. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் ஏற்பட்டது. காலையில் வயலுக்குப் போனவன் செஞ்சி மராட்டியர் குடி. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கம்பெனிக் குடி. குண்டு தன் வயலுக்கு இந்தப் பக்கம் விழுந்ததா அந்தப் பக்கம் விழுந்ததா என்பதுதான் வித்தியாசம். அவனை யாரும் கேட்கவில்லை. விற்பனைப் பத்திரத்தில் விற்பவர், வாங்குபவர் என்று இரண்டு கையெழுத்துதான். உள்ளே இருப்பவர் கையெழுத்துக்கு இடமே கிடையாது.

இங்கேதான் நான் தேடிய பதிலின் முதல் பாதி இருக்கிறது. எல்லை முதலில் வந்தது. மதில் பிறகுதான் வந்தது. முதலில் ஒரு பணத் தேவை, ஒரு பேரம், காற்றில் ஒரு கோடு. அந்தக் கோட்டைக் காப்பாற்றத்தான் மற்றதெல்லாம். கம்பெனி தன் நிலத்தைச் சுற்றி முள்வேலி வளர்த்தது. அடர்த்தியாக வளர்ந்த முட்செடிகளால் ஆன உயிர்வேலி. ஆங்கிலேயர் எழுதியதில் இதற்கு 'பவுண்ட் ஹெட்ஜ்' என்று பெயர். பாண்டிச்சேரியைச் சுற்றிப் பிரெஞ்சுக்காரர்களும் இதே மாதிரி வேலி வைத்திருந்தார்கள். கல், சுண்ணாம்பு, கொத்தனார் கூலி எதுவும் வேண்டாம். மழை பெய்தால் தானே வளரும். குதிரைப்படை நுழைய முடியாது. சீனாக்காரன் மண்ணை இடித்துக் கட்டியதை நம்மூரில் முள்ளை நட்டே செய்துவிட்டார்கள். எவ்வளவு சிக்கனம் பாருங்கள்!

வேலிக்கு உள்ளே கோட்டை. 1725-க்குப் பிறகு அதை நன்றாகப் பலப்படுத்தினார்கள். 1746 செப்டம்பரில் மெட்ராஸ் பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்ததும், தென்னிந்தியாவில் ஆங்கிலேயருக்கு இந்தத் தேவனாம்பட்டினம்தான் தலைமையிடம் ஆனது. 1752 வரை அப்படியே இருந்தது. மெட்ராஸிலிருந்து வேஷம் போட்டுத் தப்பி இங்கே வந்தவர்களில் ஒரு இளம் குமாஸ்தா, ராபர்ட் கிளைவ். பத்து வருடம் கழித்து 1756-ல் அவரே இந்தக் கோட்டைக்கு கவர்னர்.

இவ்வளவு செலவு செய்த கோட்டை என்ன ஆனது? 1758 ஏப்ரல் கடைசியில் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி பாண்டிச்சேரியில் வந்து இறங்கினார். மே முதல் வாரத்தில் கடலூர் போயிற்று. ஜூன் 2-ஆம் தேதி கோட்டையும் சரணடைந்தது. ஏறக்குறைய ஒரு மாதம், அவ்வளவுதான். லாலி கோட்டையை இடித்துத் தள்ளச் சொன்னார். இதற்குப் பதிலாக 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி விழுந்தபோது ஆங்கிலேயர் அந்த ஊரின் மதில்களை இடித்துத் தள்ளினார்கள். கணக்கு நேர். இன்று சில்வர் பீச்சுக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்குப் பக்கத்தில் ஒரு கோட்டை இருந்தது என்பதே தெரியாது. இடிபாடுகள் கொஞ்சம்தான் மிச்சம்.

இப்போது பஸ் ஏறிச் சிதம்பரம் வாருங்கள். புதுச்சத்திரம், பி.முட்லூர் தாண்டி ஊருக்குள் நுழைந்து, கீழ சன்னதியில் நின்று பார்த்தால் நடராஜர் கோயில் மதில் தெரியும். நாங்கள் யாரும் அதைக் கோட்டைச் சுவராக நினைத்ததே இல்லை. செருப்பு எங்கே விடுவது என்றுதான் பார்ப்போம். ஆனால் அந்தக் காலத்துப் படைத்தலைவன் கண்ணுக்கு அது கோட்டையேதான். உயரமான கருங்கல் மதில், நான்கு பக்கமும் கோபுரம், உள்ளே குளத்தில் தண்ணீர். வேறென்ன வேண்டும்?

1781-ல் ஹைதர் அலியின் ஆட்கள் கோயிலுக்குள் தானியத்தைச் சேர்த்து வைத்துக் காவல் இருந்தார்கள். ஆங்கிலப் படைக்குச் சாப்பாட்டுத் தட்டுப்பாடு. சர் அயர் கூட் ஜூன் 18-ஆம் தேதி கோயிலைத் தாக்கினார். உள்ளே கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள் என்ற நினைப்பு. அடிவாங்கித் திரும்ப வேண்டியதாயிற்று. இரண்டு வாரத்தில், ஜூலை 1-ஆம் தேதி, பக்கத்திலேயே பரங்கிப்பேட்டை வெட்டவெளியில் நடந்த போரில் அதே கூட் ஹைதரை ஜெயித்தார்.

யோசித்துப் பாருங்கள். சண்டைக்கென்றே பலப்படுத்திய கோட்டை ஒரு மாதத்தில் விழுந்தது. சாமிக்கென்று கட்டிய மதில் ஒரு பெரிய தளபதியைத் திருப்பி அனுப்பியது. ஒரு மதில் எதற்காகப் பிறந்ததோ, அதற்குத்தான் பயன்படும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

இப்போது கொஞ்சம் சொந்தக் கதை.

குண்டு உப்பலவாடியில் என் அம்மா பிறந்த வீடு இருக்கிறது. தாத்தாவும் அவர் தம்பியும் (எங்களுக்குச் சின்னத் தாத்தா) பாகம் பிரித்துக்கொண்ட ஒரே மனை. நடுவில் ஹாலோ பிளாக் சுவர், ஆறடி உயரம். நான் பிறப்பதற்கு முன்பே கட்டியது. திருட்டு பயத்துக்குக் கட்டியதென்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது நினைவிருக்கும். அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம். இரண்டு வீட்டிலும் ஒரே அளவு தண்ணீர். சுவரில் பத்தடி சரிந்து விழுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு வீட்டில் பேச்சு முழுக்க, மறுபடி கட்டுவதற்கு யார் காசு போடுவது என்பதுதான். என்னிடம் எஸ்டிமேட் போடச் சொன்னார்கள். பி.காம். படிக்கிறவன் இருக்கிறானே!

ஆயாவிடம் கேட்டேன், இந்தச் சுவரை முதலில் எதுக்கு ஆயா கட்டினீங்க என்று.

"எதுக்கா? ஒரு முருங்க மரம்டா. அது எந்தப் பக்கம்னு பேச்சு வந்துது. சர்வேயரு வந்து அளந்தாரு. அளந்த கையோட உங்க தாத்தா செவுரு எழுப்பிட்டாரு. மரம் அடுத்த மழையிலியே விழுந்துடுச்சி. செவுருதான் நின்னுது" என்றார்.

மரம் இல்லை. மரத்துக்காகச் சண்டை போட்ட இரண்டு பேரில் ஒருவர் இல்லை. சுவருக்கு மட்டும் இன்றும் பராமரிப்புச் செலவு. இந்தச் சுவரால் வந்த வருமானம் எவ்வளவு என்று பார்த்தால் பூஜ்யம். ஆனால் செலவு? இரண்டு கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்காமல் போனது, ஒரு சாவுக்குத் தெருவோடு நின்று திரும்பியது... இதையெல்லாம் எந்தத் தலைப்பில் எழுதுவது? நான் போட்டுக் கொடுத்த எஸ்டிமேட்டில் இரண்டு தொகை இருந்தது. பத்தடியையும் அப்படியே எழுப்ப ஒன்று. அந்த இடத்தில் ஒரு கேட் வைக்க ஒன்று. கேட் கொஞ்சம் மலிவு. வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. இதை எழுதும்போதும் அந்த இடத்தில் பழைய தகரம்தான் சாத்தியிருக்கிறது. ஆனால் சின்னத் தாத்தா வீட்டுக் கோழி அந்தச் சந்து வழியாக வருகிறது, யாரும் விரட்டுவதில்லை.

கேட் யோசனை என் சொந்த மூளை இல்லை. சீனாவில் சுட்டது. அதோடு முடித்துவிடுகிறேன்.

மிங் காலத்தில் மங்கோலியத் தலைவர் அல்தான் கான் திரும்பத் திரும்ப ஒன்றுதான் கேட்டார். எங்களிடம் குதிரை இருக்கிறது, உங்களிடம் துணியும் தானியமும் இருக்கிறது, வியாபாரம் செய்வோம் என்று. சீன அரசவை கௌரவம் பார்த்து மறுத்தது. அவர் கொள்ளையடிக்க வந்தார். 1550-ல் பீஜிங் வாசல் வரைக்கும் வந்துவிட்டார். கடைசியில் 1571-ல் சமாதானம் பேசி, எல்லையில் சந்தைகள் திறந்தார்கள். அந்தப் பக்கத்து எல்லையில் பெரிய படையெடுப்புகள் ஓய்ந்தன. சுவர் செய்யாததைச் சந்தை செய்தது. மிங் ஆட்சி விழுந்த 1644-லும் மஞ்சுப் படை சுவரை இடித்துக்கொண்டு வரவில்லை. ஷான்ஹாய் கணவாயில் காவல் இருந்த வூ சாங்குய் என்ற சீனத் தளபதியே கதவைத் திறந்துவிட்டார். உள்ளே தன் அரசு கவிழ்ந்துவிட்டதால், யாரோடு சேருவது என்று கணக்குப் பார்த்து எடுத்த முடிவு.

சுவர் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆடு மேயும் ஊரில் வேலி இல்லாமல் கத்தரி நட முடியாது. ஆனால் எந்த மதிலைப் பார்த்தாலும் எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம், எந்த ராஜா கட்டினான் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். கோடு போட்டது யார், எதற்குக் காசு தேவைப்பட்டது, உள்ளே மாட்டிக்கொண்டவர்களை யாராவது கேட்டார்களா, பராமரிப்புச் செலவு இன்று யார் தலையில் விழுகிறது என்பதுதான் அதன் உண்மையான பிறப்புச் சான்றிதழ்.

உங்கள் ஊரிலும் கோட்டைமேடு, அகழித் தெரு என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். ஒரு முறை விசாரித்துப் பாருங்கள். முருங்கை மரம் மாதிரி ஏதாவது ஒன்று கட்டாயம் கிடைக்கும்.